நீர்க்கோவையும் இல்லத்துப் பேணலும்

கொங்கு நாட்டில் நொய்யலாற்றின் கரையில் அமைந்த திருப்பூர், முன்னாளில் பருத்திச் சந்தையால் பெயர் பெற்றது. பின்னாளில் பின்னலாடையால் உலகம் அறிந்த ஊராயிற்று. விடியற்காலையில் அவ்வூர்த் தெருவில் நிற்பார்க்கு ஒரு காட்சி தவறாது புலப்படும். கையில் சோற்றுப் பாத்திரம் ஏந்திய ஆடவரும் மகளிரும் அணியணியாகப் பனியன் கம்பெனிகளை நோக்கி விரைவர். அவருள் ஒருவர் துணியை வெட்டுபவர். ஒருவர் ஓவர்லாக் பொறியில் தைப்பவர். ஒருவர் அவர்க்குக் கைமடித்துக் கொடுப்பவர். வேறொருவர் பிசிறு வெட்டுபவர். மற்றொருவர் குறை பார்த்துப் பிரிப்பவர். இங்ஙனம் ஒரு பனியன் பலர் கைப்பட்ட பின்னரே இஸ்திரி கண்டு பெட்டிக்குள் அடங்கும். அத்துணி கைமாறிச் செல்லும் வரிசையிலேயே, கண்ணுக்குப் புலனாகாத வேறொன்றும் சில நாளில் கைமாறிச் செல்வதுண்டு. அதுவே நீர்க்கோவையும் காய்ச்சலும் ஆகும்.

ஐப்பசித் திங்களில் மழை தொடங்கியதும் இது எளிதில் காணத்தக்கது. திங்கட்கிழமை தையற்காரர் ஒருவர் தும்முகின்றார். அவர்க்கு எதிரே கைமடிப்பவள் புதன்கிழமை மூக்கைத் துடைக்கின்றாள். வெள்ளிக்கிழமை அவ்வரிசையில் பாதிப்பேர் இருமுகின்றனர். தையற்காரர்க்குத் தொடக்கத்திலேயே உடல் நோவு இருந்தது. வீட்டில் ஒருநாள் படுத்திருக்கலாம் என்று மனைவி சொன்னாள். ஆயினும் அவர்க்குக் கூலி பீஸ் கணக்கில், சம்பளம் சனிக்கிழமை, கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் நாளோ நெருங்கி நின்றது. ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில் லைன் வீட்டின் ஒற்றையறைக்கு அவர் திரும்பும்போது, அங்கே சர்க்கரை நோயுடைய அவருடைய தாயும், ஏழு மாதக் குழந்தையும் இருக்கின்றனர். பெரியவர்க்கு ஒரு வாரத்தில் நீங்கிவிடும் இந்நோய், அவ்விருவர்க்கும் அவ்வாறே எளிதாக நீங்கும் என்று சொல்வதற்கில்லை. ஆதலின் இதன் இயல்பை அறிந்து வைத்தல் அவ்வில்லத்தார்க்கு இன்றியமையாதது.

மழையில் நனைந்தமையால் சளி பிடித்தது என்று கூறுதல் உலக வழக்கு. உண்மையில் நீர்க்கோவையை உண்டாக்குவன வைரசு எனப்படும் நச்சுயிரிகள். அவற்றுள் 200க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. ரைனோ வைரசு என்பது அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது. இங்கிலாந்தில் சாலிசுபரி என்னும் ஊரில் 1946 முதல் 1989 வரை நீர்க்கோவை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நடைபெற்றது. தாமாக முன்வந்தோரை ஈர உடம்புடன் குளிர்ந்த காற்றில் நிற்க வைத்தும் அங்கே சோதித்தனர்; நனைந்து நடுங்கியதனாலேயே அவர்க்கு நீர்க்கோவை மிகுந்துவிடவில்லை. அங்ஙனமாயின் மழைக்காலத்தில் இந்நோய் பெருகுவது ஏன்? சாரல் உள்ளே வாராதபடி சன்னல்களை அடைத்துக்கொண்டு, பலர் ஒரே அறையில் ஒரே காற்றை உயிர்த்தலும் அதற்கு ஒரு காரணம் ஆகும். மழையைப் பழிப்பவர் அடைத்த சன்னலைப் பழிப்பதில்லை.

நோயுற்றவர் இருமும்போதும் தும்மும்போதும், உரக்கப் பேசும்போதுங்கூட, நுண்ணிய நீர்த்திவலைகள் வெளிப்படுகின்றன. பொறிகளின் இரைச்சலுக்கிடையே உரக்கப் பேசாமல் வேலை நடவாது என்பதையும் இங்கே கருதல் வேண்டும். அத்திவலைகளை அருகிருப்போர் உட்கொள்வர். கை வழியாகவும் நோய் செல்லும். இன்புளூயன்சா நச்சுயிரி வழுவழுப்பான உலோகத்தின்மீதும் பிளாஸ்டிக்கின்மீதும் ஒருநாள், இருநாள் வரை தங்கியிருக்கும். துணியிலும் தாளிலும் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு மேல் நில்லாது. எனவே தைத்த துணிக்கு அஞ்சுவதைவிட, பலரும் எடுக்கும் கத்தரிக்கோலுக்கும், தண்ணீர்ப் பானைமேல் கவிழ்த்த ஒரே குவளைக்கும், கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கும் அஞ்சுதல் தகும்.

இவ்வினத்து நோய்கள் எல்லாவற்றையும் எளியன என்று எண்ணிவிடலாகாது. 1918ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இந்தியாவுக்குள் புகுந்த இன்புளூயன்சா, ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களை மாய்த்தது. 1911க்கும் 1921க்கும் இடையே நாட்டின் மக்கள் தொகை பெருகாமல் சற்றுக் குறைந்தது என்றால், அக்கொடுமையின் அளவை உணரலாம். 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் வேறொரு வகை இன்புளூயன்சா, கடல் வழியாகச் சென்னையில் வந்திறங்கியது. ஏறத்தாழ 12 வாரங்களில் அது நாடெங்கும் பரவியது. 1958ஆம் ஆண்டு பிப்ரவரி வரை 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கில் ஏறியது. இறந்தோர் ஆயிரத்துக்குச் சிறிது மேற்பட்டோரே. 1918க்கும் 1957க்கும் இடையே அறிவும் வளர்ந்திருந்தது. மனிதரைப் பற்றும் இன்புளூயன்சா நச்சுயிரியை 1933இல் இலண்டனில் பிரித்தறிந்தனர். திருப்பூரிலிருந்து மேற்கே நோக்கினால் தோன்றும் நீலமலையில், 1907இல் தொடங்கப்பெற்ற குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் அந்நோய் ஆராயப்பட்டது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது திருப்பூரின் பொறிகள் நின்றன. வடமாநிலத் தொழிலாளர் பலர் இரயிலேறி ஊர் திரும்பினர். பின்னர்ப் பனியன் தைத்த அதே பொறிகள் முகக்கவசமும் மருத்துவர்க்குரிய காப்புடையும் தைத்தன.

ஒருமுறை வந்த நோய் மீண்டும் வருவது ஏன் என்று சிலர் வினவுவர். பின்னலாடைத் தொழிலறிந்தார்க்கு இது எளிதில் விளங்கும். பருவந்தோறும் வாங்குவோர் புதிய மாதிரி கேட்பது போல, இன்புளூயன்சா நச்சுயிரியும் தன் மேலுறையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே வருகின்றது. பழைய உறையை அடையாளம் வைத்திருந்த உடம்பின் காவல், புதிய உறையைக் கண்டு ஏமாறுகின்றது. ஆதலினாலேயே அதற்குரிய தடுப்பூசியையும் ஆண்டுதோறும் புதுக்குகின்றனர். முதியோர், கருவுற்ற மகளிர், சர்க்கரை நோயும் ஈளையும் உடையோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டு அதனைப் போட்டுக்கொள்ளுதல் நலம்.

இனி நோயை அறியுமாறு. நீர்க்கோவை மெல்ல வரும். முதலில் தொண்டை கரகரக்கும், பிறகு மூக்கில் நீர் ஒழுகும், தும்மல் மிகும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் துன்பம் மிகுந்து, ஏழு முதல் பத்து நாளில் அது நீங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடித்தலும் உண்டு. நீர் போன்றிருந்த சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல் கண்டு பலர் அஞ்சுவர். அது நோய் முற்றியதற்கு அடையாளம் அன்று. இன்புளூயன்சாவோ மெல்ல வருவதில்லை. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் படுத்துவிடுவார். காய்ச்சல் சட்டென ஏறும்; தலையும் முதுகும் கைகால்களும் அடித்துப் போட்டாற்போல் நோகும். கொரோனா நோய் இவ்விரண்டையும் ஒத்துத் தோன்றும். சிலர்க்கு மணமும் சுவையும் தோன்றாமற் போகும். சோதனையாலன்றி அதனை உறுதி செய்தல் அரிது.

மூக்கொழுகலும் இருமலும் இன்றிக் கடுங்காய்ச்சலும் உடல்நோவும் மட்டும் வருமாயின் டெங்குவை நினைத்தல் வேண்டும். மழை பெய்த பின்னர்க் கொசு பெருகும் தெருக்களில் இது மிகவும் கருதத்தக்கது. காய்ச்சல் தணிந்த பின்னரே அந்நோயில் இடர் தோன்றுவதுமுண்டு. நூற்பாலையில் வேலை செய்வார்க்கு வார விடுமுறைக்குப் பின் திங்கட்கிழமை நெஞ்சு இறுகி இருமல் வருமாயின், அது பஞ்சுத் தூசியால் வருவதாகலாம். அது பிறர்க்குத் தொற்றாது, ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரலைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலை, எக்காரணம் கூறியும் தள்ளிப் போடாமல், அரசு மருத்துவமனையில் சளிச் சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். காசநோய் அங்ஙனமே தொடங்கும். “தூசியில் வேலை, இருமல் இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லிச் சொல்லியே நோயை முற்ற விட்டவர் சிலர் அல்லர்.

நீர்க்கோவைக்கு நோயை வேரோடு களையும் மருந்து இன்றளவும் இல்லை. உடம்பு தானே நோயை வெல்லும். அதற்குத் துணை நிற்பதே இல்லத்தார் செய்யத்தக்கது. துணைகளுள் தலையாயது ஓய்வு. ஏழைத் தொழிலாளிக்கு அதுவே எல்லா மருந்தினும் விலை மிக்கது. அடுத்தது நீர். காய்ச்சலில் உடம்பின் நீர் வற்றும். ஆதலின் வெந்நீர், கஞ்சி, மோர், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பன்முறை பருகுதல் வேண்டும். சிறுநீர் மஞ்சளாகிக் குறைந்தால் பருகியது போதவில்லை என்று அறியலாம். கொங்கு நாட்டுப் பாட்டிமார் வைக்கும் மிளகு ரசம் தொண்டைக்கு இதம் தரும். அதில் குழைய வடித்த சோற்றைக் கரைத்துக் கொடுப்பின் பசியற்ற நோயாளியும் உண்பார். இளஞ்சூட்டு உப்பு நீரால் தொண்டையைக் கொப்பளித்தல் நன்று. இருமலுக்குத் தேன் ஒரு கரண்டி உண்ணலாம். ஆனால் ஓராண்டு நிரம்பாத குழந்தையின் நாவில் தேனைத் தடவவே கூடாது; அதில் மறைந்திருக்கும் நுண்ணுயிர் வித்து இளங்குடலில் முளைத்து, உயிர்க்கு இறுதி பயக்கும் நஞ்சை உண்டாக்கக் கூடும்.

குழந்தைக்கு மூக்கடைப்பே பெருந்துன்பம். மூக்கடைத்த குழந்தை பாலை உறிஞ்ச இயலாமல் அழும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை இரண்டு சொட்டு மூக்கில் விட்டுச் சற்றுப் பொறுத்துத் துடைத்தபின் பால் கொடுத்தல் வேண்டும். தாய்க்கே நீர்க்கோவை வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்துதல் ஆகாது; கையைக் கழுவி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பாலூட்டலாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். வயது வந்தோர் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கொள்ளலாம். குழந்தைக்கு அளவு வயதால் அன்று, எடையால் வரும்: ஒரு கிலோகிராம் எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒருவேளை 100 முதல் 150 மில்லிகிராம் என்க. இம்மருந்து நீர்ம வடிவில் வெவ்வேறு செறிவுகளில் விற்கின்றது. ஒரு புட்டியின் அளவை வேறொரு புட்டிக்குக் கொள்ளின் மருந்து இரட்டிப்பாகும். சளி மாத்திரை என்று கடையில் தரும் கலவைகள் பலவற்றுள்ளும் பாராசிட்டமால் கலந்திருத்தலின், அதனையும் இதனையும் சேர்த்து உண்பவர் தம்மை அறியாமலே மிகுதியாக உட்கொண்டு ஈரலைக் கெடுத்துக்கொள்வர். குழந்தைகட்கும் இளைஞர்க்கும் ஆஸ்பிரின் ஆகாது. டெங்கு பரவும் காலத்தில் மருத்துவர் சொல்லாமல் எவர்க்கும் ஆகாது.

ஆகாதன இன்னும் சில உள. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி நச்சுயிரியைத் தொடவும் செய்யாது. ஆயினும் “இரண்டு நாளைக்கு மாத்திரை கொடுங்கள், நாளை வேலைக்குப் போக வேண்டும்” என்று கடையில் கேட்டு வாங்குவாரும், கொடுப்பாரும் உளர். அரைகுறையாக உண்ட அம்மருந்து, உடம்பில் உள்ள பாக்டீரியாவுக்கு மருந்தைத் தாங்கும் பயிற்சியைத் தருகின்றது. பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கே, 1945இல் நோபல் பரிசுரையில் இதனை எச்சரித்தார். குழந்தைக்கு இருமல் நீர்மங்களைத் தாமே வாங்கிக் கொடுத்தலும் தீது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டார்க்குத் தரலாகாது என்று 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. 2025இல், தமிழ்நாட்டில் செய்யப்பட்ட இருமல் மருந்து ஒன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தமையால், மத்தியப் பிரதேசத்தில் பச்சிளங் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலற்று மாண்டனர். அக்குழந்தைகள் பலர்க்கு முதலில் வந்தது நீர்க்கோவையும் காய்ச்சலுமே.

முன்னோர் முறை என்பதனாலேயே ஒன்றைக் கொள்ளுதலும் தள்ளுதலும் நடுநிலை ஆகா. மிளகும் மஞ்சட்பாலும் கொள்ளத்தக்கன. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுதல் தள்ளத்தக்கது. அவ்வெண்ணெய் நுரையீரலுட் புகுந்து நோயை உண்டாக்கும். கற்பூரத்தைக் குழைத்துப் பச்சிளங் குழந்தைக்குப் பூசுதலும், அடைத்த அறையில் சாம்பிராணிப் புகை நிறைத்தலும் அவ்வாறே தள்ளத்தக்கன. ஆவி பிடித்தலால் பெரியவர்க்குச் சற்று இதம் உண்டாம்; ஆனால் லைன் வீட்டின் சிற்றறையில் தரைமீது கொதிநீர்க் குண்டானை வைத்துப் போர்வை மூடிக் குனிந்திருப்பவர் அருகே, தவழும் குழந்தை ஒன்று உண்டு என்பதை மறக்கலாகாது. சளியினும் தீப்புண் கொடிது. கபசுரக் குடிநீர் 2020இல் தமிழ்நாடெங்கும் வழங்கப்பட்டது. அதனைப் பருகியவர் தமக்கு நோய் வாராதென எண்ணிக் கூட்டத்துட் புகுதல் அறியாமை.

மேற்கூறிய பேணல் போதாத நிலை ஒன்று உண்டு. அதனை அறிவிப்பது மூச்சு. அறிவுடைய தாய் ஒருத்தி இதனைச் செய்யும் முறை எளியது. குழந்தை உறங்கும்போது அல்லது அமைதியாக இருக்கும்போது, அவள் மேற்சட்டையை விலக்கி, சுவரிலுள்ள கடிகாரத்தை நோக்கிக்கொண்டு, குழந்தையின் வயிறு எத்தனை முறை உயர்கின்றது என ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுகின்றாள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குப் பிழைபடும். குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதன்று. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது மேல், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40 அல்லது மேல் இருக்குமாயின், அது விரைந்த மூச்சு. நுரையீரல் அழற்சிக்கு அடையாளம். மூச்சு இழுக்கும்போது விலாவெலும்பின் கீழ் குழி விழுதல், பால் குடியாமை, எழுப்பினும் கண் விழியாமை, உதடு நீலமாதல், வலிப்பு ஆகியன ஒன்று தோன்றினும் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. 108க்கு அழைத்தல் வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 பாகை காய்ச்சல் கண்டாலே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

முன்னர்க் கூறிய இல்லத்தில், ஏழு மாதக் குழந்தைக்கு நான்காம் நாள் இரவு அவள் எண்ணியபோது 58 வந்தது. தையற்காரரின் தாய், “பல் முளைக்கும் காய்ச்சல் கண்ணு, கசாயம் வைத்துத் தருகிறேன், காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். “எண்ணிப் பார்த்துவிட்டேன் அத்தை, வயிறும் குழிகிறது” என்று கூறி, அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு புறப்பட்டாள். அரசு மருத்துவமனையில் மூன்று நாள் உயிர்வளி கொடுத்தனர். பின்னர்க் குழந்தை பால் குடித்தது.

பெரியவர்க்கும் அடையாளங்கள் உண்டு: பேசி முடிக்க இயலாத மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், மூன்று நாளைக்கு மேற்பட்ட கடுங்காய்ச்சல், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல், விரற்கருவியில் உயிர்வளி அளவு 94க்குக் கீழே இறங்குதல். சர்க்கரை நோயுடைய முதியோர் இவற்றிற்குக் காத்திராமல் தொடக்கத்திலேயே மருத்துவரைக் காணுதல் நன்று. இன்புளூயன்சாவுக்கு உரிய ஓசல்டாமிவிர் மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் மிகுந்த பயன் தரும். வடமாநிலத்திலிருந்து வந்து ஓரறையில் அறுவரெழுவர் தங்கியிருக்கும் இளைஞர்க்கு வேறோர் இடர் உளது. உடனிருப்போர் வேலைக்குச் சென்றபின் நோயுற்றவர் தனித்துக் கிடப்பார். அவர்க்கு ஊர்மொழி தெரியாது. உணவு வேளையில் ஒருமுறை எவரேனும் எட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தல் வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் தொழிலகங்கட்கு ஈ.எஸ்.ஐ. திட்டம் வழி செய்திருக்கின்றது. சந்தா செலுத்திய தொழிலாளி மருத்துவச் சான்று பெற்று ஓய்வெடுப்பின், ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். பதிவேட்டில் பெயர் ஏறாத ஒப்பந்தக் கூலிக்கு அது கிட்டுவதில்லை. அவர் காய்ச்சலோடு பொறியின் முன் அமர்கின்றார். ஒருவருடைய ஒருநாட் கூலியைக் காக்க வந்த காய்ச்சல், அவ்வரிசையில் பத்துப் பேருடைய கூலியைக் கெடுக்கின்றது. சரக்கும் நாள் தவறுகின்றது. கணக்கறிந்த முதலாளிமார் இதனைக் கருதுவாராக.

மாத்திரையின்றி ஒருநாள் முழுவதும் காய்ச்சல் வாராதிருந்த பின்னரே வேலைக்குத் திரும்புதல் முறை. இருமல் எஞ்சியிருப்பின் முகக்கவசம் அணிதல் வேண்டும். அது திருப்பூரில் கிடைத்தற்கரிய பொருள் அன்று. தையற்காரர் அடுத்த புதன்கிழமை கம்பெனிக்குச் சென்றார். தமக்கெனத் தனிக் குவளை ஒன்றைக் கொண்டு சென்றார். பொறியில் அமருமுன், மழைக்கு அஞ்சி அடைத்திருந்த சன்னல்களுள் தம் பக்கத்தது ஒன்றைத் திறந்து, அது காற்றில் மூடாதபடி துணிக்கூன் ஒன்றை இடையே செருகி வைத்தார்.